எங்கிருந்து, எவ்வளவு

1883ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், ரயில் பெட்டியின் அச்சுக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பித்தளைத் தாங்கிக்கும் இடையே எவ்வளவு உராய்வு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்தபடி சுற்றும். மேலே தாங்கியின் தலையில் பாரம் இருக்கும். எண்ணெய் விடுவதற்கென்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. மேலே பொங்கி வழிந்தது. கார்க்கை வைத்து அடைத்தார். கார்க் வெளியே வந்தது. மரக்கட்டையைச் செதுக்கி அடித்து இறக்கினார். அதுவும் மெல்ல மெல்ல எழும்பி வெளியே வந்தது. கடைசியில் அந்த இடத்தில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் 200 பவுண்டைத் தாண்டிப் போனது. தாங்கியின் மேல் அவர் வைத்திருந்த பாரமோ சதுர அங்குலத்துக்குச் சராசரியாக 100 பவுண்டுதான்.

ஒரு கசிவை அடைக்கப் போன இடத்தில் இயந்திரவியலின் பெரிய உண்மை ஒன்று கையில் சிக்கியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே வரும் இடுக்குக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம்தான் பாரத்தைத் தூக்குகிறது. உலோகத்தை உலோகம் தொடுவதே இல்லை. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதிக் கொடுத்தார். இன்று உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்ட் மிதப்பதும் அதே கணக்கில்தான். தாங்கிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான்.

எஞ்சினுக்குள் எண்ணெய் ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. பம்ப் தள்ளும் இடத்தில் பீறிடுகிறது, கிராங்க் சுற்றும் இடத்தில் தெறிக்கிறது, எங்கும் ஆவியாகவும் துளியாகவும் மிதக்கிறது. இருபது வருடம் அதை வெளியே வராமல் வைத்திருப்பது சில ரப்பர் வளையங்களும், சில கார்க் அட்டைகளும், ஓரிரு கோடு பசையும். பழைய கார் ஏன் ஒழுகுகிறது என்று கேட்பதைவிட, புதிய கார் எப்படி ஒழுகாமல் இருக்கிறது என்று கேட்பதுதான் சுவாரசியம்.

*

திருச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் 1998ஆம் வருட மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி; மூன்று சிலிண்டர், 796 சிசி. அந்த மாடல் உற்பத்தியே 2014 தொடக்கத்தில் நின்றுவிட்டது. வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஒருநாள் போர்டிகோவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மறுநாள் அது தட்டு அகலமானது. அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே விரித்தார், அட்டையும் நனைந்தது. பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “சார், பெல் ஹவுசிங் கிட்ட ஒழுகுது. கிராங்கோட பின்பக்க ஆயில் சீல் போயிருக்கு. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். இறக்குறதோட கிளட்ச்சையும் மாத்திடுங்க. எஞ்சினும் பழசு, அப்படியே ஒரு ஓவர்ஹால் போட்டுட்டா நிம்மதி.”

அவர் கேட்டது ஒழுகல். அவருக்குக் கிடைத்தது அந்த வண்டியை விற்றால் வரும் தொகைக்குப் பக்கத்தில் போகும் ஒரு மதிப்பீடு. வீட்டில் மகன், “அப்பா, பேசாம எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க” என்றான். இரண்டு யோசனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: தரையில் தெரிந்த கறை.

அந்தக் கறையை முதலில் விசாரிப்போம். எஞ்சின் ஆயிலின் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.04 மில்லிலிட்டர். மழைநாளில் ரோட்டில் வானவில் நிறத்தில் மினுங்கும் எண்ணெய்ப் படலம் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய தடிமன் கொண்டது. அதனால்தான் நிறம் காட்டுகிறது. தடிமன் அரை மைக்ரான் என்று வையுங்கள். ஒரே ஒரு சொட்டு ஏறக்குறைய ஒரு சதுர அடிக்குப் பரவ முடியும். பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனுக்கு அருகே கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, அது அரை ஏக்கர் நீரைக் கண்ணாடிபோல் அடக்கியதைப் பார்த்தார். 1774இல் அதை எழுதி வெளியிட்டார். அவர் விட்டது நீரில் ஒற்றை மூலக்கூறு அடுக்காகவே பரவக்கூடிய எண்ணெய், அதனால் இன்னும் மெல்லியது. எஞ்சின் ஆயில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், பரப்பைப் பார்த்து அளவை ஊகிப்பதில் நம் கண் ஏமாந்துவிடும். சிமெண்ட் தரை வேறு எண்ணெயை உறிஞ்சிக் கறையை விரித்துக் காட்டும்.

கறை மிகைப்படுத்தும். சில சமயம் குறைத்தும் காட்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகுகிற இடம் உண்டு. அந்த எண்ணெய் ரோட்டில் போய்விடும், வீட்டில் தரை சுத்தமாக இருக்கும். அதனால் நம்ப வேண்டியது டிப்ஸ்டிக்கைத்தான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் இழுத்துத் துடைத்துப் போட்டு மறுபடி இழுத்து, அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடோமீட்டர் எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். ‘எஃப்’ கோட்டுக்கும் ‘எல்’ கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான சின்னக் கார்களில் ஒரு லிட்டரோ அதற்குச் சற்றுக் குறைவோ இருக்கும். மாருதி 800இன் மொத்த எண்ணெயே மூன்று லிட்டர் அளவுதான். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, நாலைந்து தடவை குறித்தால் போதும். தலைமையாசிரியருக்கு இந்த வேலை பிடித்துப்போனது. அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல் நோட்டுப் போட்டு எழுதினார்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு 150 மில்லிலிட்டர் குறைகிறது என்று தெரிந்தது. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 360 ரூபாய். சில ஐரோப்பிய கார் நிறுவனங்கள் எந்தக் கசிவும் இல்லாத புது எஞ்சினே ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை எண்ணெய் குடிக்கலாம், அது இயல்பு என்று கையேட்டில் எழுதியிருக்கின்றன. இவருடைய வண்டி ஒன்றும் சாகக் கிடக்கவில்லை.

ஆனால் அளவு பாதிக் கேள்விதான். எங்கிருந்து என்பது மீதிப் பாதி.

*

எஞ்சினில் எண்ணெய் வெளியே வரக்கூடிய இடங்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பம்ப்பின் அழுத்தம் நேரடியாகப் படும் பக்கம்: ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், சில எஞ்சின்களில் ஆயில் கூலருக்குப் போகும் குழாய். எஞ்சின் வேகமெடுக்கும்போது இங்கே மூன்று நான்கு பார் இருக்கும். கார் டயரில் உள்ளதைவிட அதிகம். இரண்டாவது, அழுத்தமே இல்லாத பக்கம்: மேலே டேப்பெட் கவர், கீழே எண்ணெய் தேங்கும் சம்ப், முன்னும் பின்னும் கிராங்க் ஆயில் சீல்கள், கேம் சீல். இங்கே எண்ணெய் தெறித்து, வழிந்து, தன் எடையால் கீழே இறங்குவது மட்டும்தான்.

இதன் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறது. மெல்லிய இடுக்கு வழியாக ஒரு திரவம் எவ்வளவு ஓடும் என்பது அழுத்தத்துக்கு நேர் விகிதம், பிசுக்குமைக்குத் தலைகீழ் விகிதம், இடுக்கின் அகலத்துக்கு மும்மடி விகிதம். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். இடுக்கு இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. “நேத்துவரைக்கும் லேசாத்தான் ஈரமா இருந்துச்சு, இன்னிக்குத் திடீர்னு ஊத்துது” என்று வண்டிக்காரர்கள் சொல்வது மிகை இல்லை. மும்மடி விதி அப்படித்தான் நடந்துகொள்ளும். பிசுக்குமைக்கும் பங்கு உண்டு. 20டபிள்யூ-40 ரக எண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் உள்ளதைவிட 100 டிகிரியில் ஏறக்குறைய எட்டு மடங்கு நீர்த்துப்போகும். அதனால் ஒழுகல், ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய முதல் அரைமணி நேரத்தில்தான் அதிகம். காலையில் பார்த்து “நின்னுடுச்சு” என்று சந்தோஷப்படுவதில் பொருளில்லை.

அழுத்தப் பக்கக் கசிவு சின்னதாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. பிரஷர் ஸ்விட்ச்சின் உட்பகுதி விரிசல் விட்டால் அது எப்போது பீறிடும் என்று சொல்ல முடியாது. பீறிட்டால் சில நிமிடத்தில் சம்ப் காலி. ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகிவிடுவது ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கமாக நடக்கும் அசட்டுத்தனம். டேஷ்போர்டில் எண்ணெய்க்குடம்போல எரியும் சிவப்பு விளக்கு, எண்ணெயின் அளவைக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைக் காட்டுகிறது. அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் எரியும். டவர் கண்டுபிடித்த, பாரத்தைத் தூக்கும் அந்த எண்ணெய்ப் படலம் அந்த நேரத்தில் தாங்கிகளை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். ஓரங்கட்டி உடனே அணைக்க வேண்டும். “பக்கத்துல தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார், அதுவரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டர், எஞ்சினைப் பிரித்துச் செய்யும் போர் வேலையில் போய் முடியும்.

*

தலைமையாசிரியர் இரண்டாவது கருத்துக்காகப் பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள்.

பாய் டார்ச்சை எடுக்கவில்லை. முதலில் எஞ்சினின் பின்பக்கத்தையும், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கையும் டீசல் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தார். ஏர் அடித்தார். பனியன் வேஸ்ட்டால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து உலரவிட்டார். பிறகு பையனைக் கடைக்கு அனுப்பி ஒரு டப்பா முகப்பவுடர் வாங்கிவரச் சொன்னார். எஞ்சினின் கழுவிய பகுதி முழுக்கப் பவுடரைத் தூவி வெள்ளையாக்கினார். “சார், ஒரு ரவுண்டு ரயில்வே ஜங்ஷன்வரைக்கும் போயிட்டு வாங்க. வேகமா வேணாம்.”

திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்தார். மேலே, சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அடியில் பவுடர் நனைந்து பழுப்பாகி, அங்கிருந்து ஒரே கோடாக இறங்கி, பெல் ஹவுசிங்கின் தோளில் வளைந்து, அடியில் போய்ச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து வரும் வழியோ காய்ந்த வெள்ளை. “சொட்டுற எடத்தைப் பார்த்தா கிராங்க் சீல். ஆரம்பிக்குற எடத்தைப் பாருங்க சார், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்.”

இந்த வகை எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட். கேம் ஷாஃப்ட் எண்ணெயில் குளிக்கிறது. அந்த எண்ணெய் டிஸ்ட்ரிபியூட்டர் ஓரமாக வெளியே வராமல் அடைப்பது ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையம். அதன் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கியும், வண்டி ஓடும்போது காற்றோடு பின்நோக்கியும் போகும். அதனால் உச்சியில் ஒழுகுவது பல நேரம் கடைசியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் வந்து சொட்டும். கிராங்க் பின் சீல்மேல் பழி விழும். டேப்பெட் கவர் பேக்கிங் செய்த குற்றத்துக்குக் கியர்பாக்ஸ் இறங்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஈரமாக இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடு என்பதுதான் விதி. பெரிய சர்வீஸ் சென்டர்களில் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒரு டப்பா பவுடரும் அதே வேலையைச் செய்கிறது.

கழற்றிய ஓ-ரிங்கை பாய் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு, இரண்டு பக்கமும் தட்டையாகி சதுரமாகியிருந்தது. லேசாக வளைத்தார், அப்பளம்போல் உடைந்தது.

*

இந்த வளையத்தின் கதை பெரியது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல், எழுபதைத் தாண்டிய வயதில், ஓ-ரிங்குக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதே பத்தாண்டில்தான் ஜெர்மனியில் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் சீல்களைத் தோலில் செய்தார்கள். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறிப் பொங்கிவிடும்; நைட்ரைல் பொங்குவதில்லை, அல்லது கொஞ்சமாகத்தான் பொங்கும். இரண்டும் சேர்ந்த பிறகே இன்று நமக்குத் தெரிந்த எஞ்சின் சாத்தியமானது.

ஓ-ரிங் வேலை செய்வது அதன் திமிறலால். நசுக்கிப் பொருத்துகிறோம், அது பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது, அந்த முயற்சிதான் அடைப்பு. சூட்டில் வருடக்கணக்காக நசுங்கிக் கிடக்கும் ரப்பருக்குள் ஆக்சிஜன் நுழைந்து, சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே புதுப் பிணைப்புகளைப் போடுகிறது. அந்தப் புதுப் பிணைப்புகள் நசுங்கிய வடிவத்திலேயே போடப்படுகின்றன. நாளடைவில் ரப்பருக்கு நசுங்கியதே சொந்த வடிவமாகிவிடுகிறது, திமிறல் போய்விடுகிறது. மென்மைக்காகச் சேர்த்திருந்த திரவங்களையும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் இந்த வினைகள் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலாளர்களின் தோராயக் கணக்கு. மே மாதம் திருச்சி டிராஃபிக்கில் நிற்கும் எஞ்சினுக்குள் இது எப்படிப் போகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். நைட்ரைல் நூறு, நூற்றிருபது டிகிரிவரை நிம்மதியாக இருக்கும். 1950களின் கடைசியில் வந்த விட்டான் போன்ற ஃப்ளோரோ ரப்பர் இருநூறுவரை தாங்கும். மாற்றும்போது கிடைத்தால் அதை வாங்கிப் போடுவது நல்லது.

கிராங்க் ஆயில் சீலின் கதை இன்னும் விசித்திரமானது. எண்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை சுற்றினால், அதன் மேற்பரப்பு விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் ஓடுகிறது. அதன்மேல் ஒரு ரப்பர் உதடு, சுற்றிலும் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கின் இறுக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறது. உலர்ந்த ரப்பராக இருந்தால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். உண்மையில் உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு மைக்ரானை ஒட்டிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. படலம் இருந்தும் ஏன் ஒழுகவில்லை? உதட்டின் இரண்டு சரிவுகளும் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்து, காற்றுப் பக்கம் படுக்கை. ஷாஃப்ட் சுற்றும்போது உதட்டின் நுண்ணிய மேடுபள்ளங்கள் இழுபட்டுச் சாய்ந்து, காற்றுப் பக்கம் வந்த எண்ணெயை மறுபடி உள்ளே தள்ளுகின்றன. சீல் என்பது மூடி அல்ல, மிகச் சின்ன பம்ப். திருப்பிப் போட்டால் அதே பம்ப் எண்ணெயை வெளியே இறைக்கும்.

ஷாஃப்ட் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தாலும் இது நடக்காது. படலம் நிற்பதற்கு ஒரு மிதமான சொரசொரப்பு வேண்டும். ஒழுகுகிறதே என்று ஷாஃப்டை எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்துவிட்டுப் புது சீல் போடுவார்கள் சிலர். நல்ல நோக்கம், கெட்ட வேலை. தூசி சேர்ந்த உதடு இருபது வருடத்தில் எஃகையே அரித்துப் பள்ளம் போட்டுவிடும். நகத்தால் தடவினால் தெரியும். அந்தப் பள்ளத்திலேயே புது சீலின் உதடும் விழுந்தால் காசு தண்டம்.

*

பாய் ஓ-ரிங்கோடு நிற்கவில்லை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் கேப்பைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பேக் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எல்லா எஞ்சினிலும் கீழே கசியும். அது வெளியேற ஒரு வழி இருக்க வேண்டும். அமெரிக்காவில் அறுபதுகள்வரை பல கார்கள் அதைக் குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டன. புகைமூட்டத்தில் திணறிய கலிபோர்னியாவில்தான் 1961 மாடல் கார்களிலிருந்து அதை எஞ்சினுக்கே திருப்பி உறிஞ்ச வைத்தார்கள். இந்த வழி கசடில் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தமே இல்லாத பக்கமும் அழுத்தப் பக்கமாகிவிடும். புது சீல் போட்டாலும் சில மாதத்தில் ஒழுகும். மெக்கானிக் சீலைத் திட்டுவார், நாம் மெக்கானிக்கைத் திட்டுவோம்.

தலைமையாசிரியர் வண்டியில் அந்த வாயு வெளியேறும் ப்ரீதர் ஹோஸ் உள்ளே பாதி அடைத்திருந்தது. கழற்றி, டீசலில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குத்தி, ஏர் அடித்ததில் கருப்பு மெழுகாக வந்து விழுந்தது. பழைய காரில் எந்த எண்ணெய்க் கசிவுக்கும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன், கிட்டத்தட்ட இலவசம். சுத்தம் செய்த பிறகும் கேப் வழியே குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது சீல்களை ஒவ்வொன்றாக மாற்றுவதில் பயனில்லை. வேறு கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கில் பெரும்பாலோர் போடும் முதல் படியே தவறு. “வண்டியே அம்பதாயிரம்தான் போகும், அதுக்கு முப்பதாயிரம் வேலையா?” என்பார்கள். வண்டியின் விற்பனை விலைக்கும் பழுதுச் செலவுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஒப்பிட வேண்டியது, இந்தப் பணத்தைச் செலவழித்தால் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதையும், அதே வருடங்களுக்கு வேறொரு வண்டி எவ்வளவு செலவு வைக்கும் என்பதையும். வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் புதுக் காரின் தவணை ஒரே மாதத்தில் பல ஆயில் சீல்களை விழுங்கிவிடும். ஆனால் பாடியில் துரு தின்று, ஃப்ளோர் ஓட்டையாகி, ஆர்சி புதுப்பிக்கப் போனால் எஃப்சியில் நிற்காது என்ற நிலையில் இருக்கும் வண்டிக்கு எவ்வளவு நல்ல எஞ்சினும் வீண். எஞ்சினைத் திறக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி ஃப்ளோரையும் சஸ்பென்ஷன் இணையும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எந்தக் கசிவோடு வாழலாம் என்பதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. டேப்பெட் கவர் ஓரம் வியர்த்த மாதிரி ஈரம், சம்ப் விளிம்பில் தூசியோடு சேர்ந்த பிசுபிசுப்பு: விட்டுவிடலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு நூறு இருநூறு மில்லிலிட்டர்வரை, மற்ற எதற்கும் கெடுதல் செய்யாத இடத்தில் விழுந்தால், மாதம் இருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பதே சிகிச்சை. எண்ணெய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் அளவைப் பார்க்கவே வேண்டாம், உடனே சரிசெய்யுங்கள். எண்ணெயின் தீப்பற்று நிலை இருநூறு டிகிரியைச் சற்றுத் தாண்டியது. மேனிஃபோல்ட் பல நூறு டிகிரியில் இருக்கும். டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி, பல் உதிர்ந்து, பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். கிளட்ச் பிளேட்டில் ஏறினால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது.

செலவை நாம் தராத ஒரு கசிவும் இருக்கிறது. கோடையில் ரோட்டில் படிந்த எண்ணெய் முதல் மழையில் மிதந்து மேலே வரும். அந்தப் பத்து நிமிடத்தில் வழுக்கி விழுபவர் டூவீலர்காரர். மிச்சம் சாக்கடை வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, ஐம்பது அறுபது மில்லிலிட்டர். “ஊத்திக்கிட்டே ஓட்டிக்கலாம், ஆயில் விலைதானே” என்ற வாதம் இந்த அளவில் எடுபடாது.

கடையில் விற்கும் ஒழுகல் நிறுத்தும் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை மோசடி அல்ல. அவற்றில் ரப்பரை ஊறவைத்துப் பொங்கச் செய்யும் எஸ்டர் போன்ற பொருள்கள் இருக்கின்றன. காய்ந்துபோன சீல் கொஞ்சம் உப்பி மறுபடி உதட்டைக் கொடுக்கும். சில மாதம் தாக்குப்பிடிக்கும். உடைந்த ஓ-ரிங்கையும், பள்ளம் விழுந்த ஷாஃப்டையும், கிழிந்த கார்க் பேக்கிங்கையும் எந்தத் திரவமும் ஒட்டாது. எந்த வகைக் கசிவு என்று தெரியாமல் ஊற்றுவது குருட்டடி.

அதைவிட எனக்குப் பயம் அனபாண்ட் மேல். அந்தச் சென்னைக் கம்பெனியின் பெயர் நம் ஒர்க்‌ஷாப்புகளில் சிலிக்கோன் பசைக்கே பெயராகிவிட்டது. பேக்கிங் பழசானால் அதன்மேல் தடிமனாக ஒரு கோடு இழுத்துவிட்டு முடுக்குவார்கள். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது உதிர்ந்து சம்ப்பில் விழுந்து, பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள வலையில் போய் ஒட்டிக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு நின்றுவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாத எஞ்சின், உள்ளே எண்ணெய் கிடைக்காமல் சாகும். போல்ட்டை இன்னும் இறுக்கினால் நிற்கும் என்பதும் அதே ரகம். தகட்டில் செய்த சம்ப்பின் விளிம்பு போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே எழும்பிவிடும். மும்மடி விதி அங்கே காத்திருக்கிறது.

தலைமையாசிரியர் அன்று மாற்றியது டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், அதே வயதுடைய டேப்பெட் கவர் பேக்கிங்; சுத்தம் செய்தது ப்ரீதர் ஹோஸ். மேலே இருக்கும் வேலைகள், மதியத்துக்குள் முடிந்துவிட்டன. காய்ந்திருந்த எதையும் பாய் திறக்கவில்லை. கிராங்க் பின் சீலும் 1998இல் பிறந்ததுதானே, அதையும் மாற்றிவிடலாமா என்று இவர் கேட்டதற்கு, “அது ஒழுகலியே சார். கிளட்ச் போகும்போது எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும். அன்னிக்குக் கேளுங்க, வேணாம்னாலும் மாத்திடுவேன்” என்றார்.

சரியான பதில். அந்த சீலின் விலை சில நூறு ரூபாய், அதை அடைவதற்கான லேபர் பல ஆயிரம். லேபர் வேறொரு காரணத்துக்காக ஏற்கெனவே கொடுக்கப்படும் நாளில் சீல் கிட்டத்தட்ட இலவசம். அன்று இவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது மூன்று. பழைய சீலைக் கழற்றியதும் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம், ஆழமாக இருந்தால் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஷாஃப்டில் ஏற்ற வேண்டும். புது சீலின் உதட்டில் சுத்தமான எண்ணெய் தடவியிருக்க வேண்டும், முதல் சில சுற்று உலர்ந்து ஓடக் கூடாது. சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி இறக்காமல், அதே விட்டமுள்ள ஒரு வளையத்தை வைத்துச் சமமாக அழுத்தி இறக்க வேண்டும். கோணலாக இறங்கிய சீல் முதல் நாளே ஒழுகும், அப்புறம் கியர்பாக்ஸ் மறுபடி இறங்கும்.